வெள்ளை விதைநெல்லில் மறைந்திருக்கும் சிவப்பு: டி.என்.ஏ. பரிசோதனையால் விகாரங்களைக் கண்டறியும் முறை

விதைக்கென நெல் எடுத்துவைக்கும் கமக்காரர் ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதிவிட்டு, அரிசியின் நிறத்தைப் பார்ப்பது வழக்கம். பி.ஜி. 352 போன்ற வெள்ளையரிசி இனமாயின், எல்லா மணிகளும் வெளிறிய நிறமாயிருப்பதைக் கண்டு, விதை கலப்பற்றதென அவர் முடிவு செய்வார். இம்முடிவு பாதி மட்டுமே சரியானது. உமி நீக்கியபோது வெள்ளையாய்த் தோன்றிய நெல்லே அடுத்த போகத்தில் சிவப்பரிசியை விளைவிப்பதுண்டு. அப்பொழுது வாங்கியவர் விற்றவரைக் குறைகூறுவார். விற்றவரோ எஞ்சிய நெல்லை எடுத்து உமி நீக்கிக் காட்டி, இதிற் சிவப்பு எங்கேயுள்ளதென வினவுவார். இருவரும் உண்மையே கூறுகின்றனர் என்பதுதான் இதிலுள்ள புதுமை.

சிவப்பு மணிகள் கலந்த வெள்ளையரிசியை ஆலைக்காரர் விரும்புவதில்லை. சிவப்புத் தவிட்டை முற்றாக நீக்குவதற்கு அரிசியை மேலும் தீட்டவேண்டியிருப்பதாற் குருணை மிகுகின்றது, விலை குறைகின்றது. விதைநெல் உற்பத்தி செய்வோருக்கு நட்டம் இதனிலும் பெரிது. வேற்றினம் மிகுந்த வயல் அத்தாட்சிப்படுத்திய விதைக்கு உரியதாகாது. ஒரு போக உழைப்பு முழுவதும் சாதாரண நெல்லின் விலைக்கே போகும். கலப்பு களை நெல்லிலிருந்து வந்ததாயின், அதன் மணிகள் அறுவடைக்கு முன்னரே உதிர்ந்து மண்ணிற் புதைந்து, பல போகங்களுக்குத் தொல்லை கொடுக்கும். அம்பாறை மாவட்டத்திலும் பிறவிடங்களிலும் களை நெல்லோடு போராடும் கமக்காரருக்கு இதனை விரித்துக் கூறவேண்டியதில்லை.

கண்ணுக்குப் புலப்படாத இக்கலப்பை நாற்றுப் பருவத்திலேயே அறிய இக்காலத்தில் ஒரு வழி உண்டு. அது பயிரின் டி.என்.ஏ.யைச் சோதித்தல் ஆகும். அச்சோதனை எவ்வாறு நடைபெறுகின்றது, அதன் விடையை எவ்வளவிற்கு நம்பலாம், எவ்விடத்தில் அது கைவிடும் என்பவற்றைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

நெல்மணியின் தோல் தாய்க்குரியது

அரிசியின் சிவப்பு நிறம் அதன் மேற்றோலில், அதாவது சுற்றுக்கனியத்தில், உள்ளது. இத்தோல் பூவின் சூலகச் சுவரிலிருந்து தோன்றுவது. ஆகவே அது தாய்ப்பயிரின் உடற்பகுதியேயாகும். மகரந்தம் எங்கிருந்து வந்ததாயினும் தோலின் நிறம் மாறாது. தோலினுள்ளே இருக்கும் முளையமோ தாய், தந்தை ஆகிய இரண்டின் இயல்புகளையும் பெற்ற புதிய பயிர். ஒரு மணியில் இரு தலைமுறைகள் சேர்ந்திருக்கின்றன என்று கூறலாம்: வெளியே தாய், உள்ளே பிள்ளை. உமி நீக்கிப் பார்ப்பவர் தாயையே பார்க்கின்றார், பிள்ளையைப் பார்ப்பதில்லை.

வெள்ளையரிசிப் பயிரொன்றின் பூவிற் சிவப்பரிசி இனத்தின் மகரந்தம் விழுந்ததெனக் கொள்வோம். அப்பூவில் விளையும் மணி வெள்ளையாகவே இருக்கும். அதனை விதைத்தால் எழும் பயிர் சிவப்பிற்குரிய பரம்பரையலகு ஒன்றையும் வெள்ளைக்குரிய பரம்பரையலகு ஒன்றையும் உடையது. சிவப்பு ஆட்சியுள்ள இயல்பாதலால், இப்பயிரின் மணிகள் அனைத்தும் சிவந்திருக்கும். ஒரு போகம் மறைந்திருந்த கலப்பு இரண்டாம் போகத்தில் வெளிப்படுகின்றது.

சிவப்பரிசி இனங்களைப் பயிரிடுவோருக்கு நிலைமை இன்னும் கடினம். ஏ.ரி. 362 போன்ற ஒரு சிவப்பினத்தின் பூவில் வெள்ளையினத்தின் மகரந்தம் சேருமாயின், அம்மணி சிவப்பு. அதிலிருந்து எழும் பயிரின் மணிகளும் சிவப்பு. அம்மணிகளை விதைத்து எழும் மூன்றாந் தலைமுறைப் பயிர்களில் நான்கில் ஒரு பங்கு மட்டுமே வெள்ளை மணிகளைத் தரும். எஞ்சிய மூன்று பங்கிலும் இரண்டு பங்கு சிவப்பாய்த் தோன்றினும் வெள்ளையை உள்ளே சுமந்துகொண்டே செல்லும். வெள்ளை மணி தந்த பயிர்களை மட்டும் பிடுங்கியெறிவதாற் கலப்பு நீங்காமைக்கு இதுவே காரணம். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் முதலிய பழைய நெல்லினங்களைத் தம் வீட்டு விதையிலிருந்தே காத்துவருவோர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும்.

நெல் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையுடையது. பிறிதொரு பயிரின் மகரந்தத்தாற் கருக்கட்டுதல் வழக்கமாக நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. இஃது அற்பமெனத் தோன்றலாம். ஆயினும் ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோகிராம். ஆயிரம் மணிகளின் நிறை 25 கிராம் எனக் கொண்டால், ஒரு புசலில் 8 இலட்சத்திற்கு மேற்பட்ட மணிகள் உள்ளன. ஆயிரத்திற்கு ஒன்றே கலந்திருப்பினும், ஒவ்வொரு புசலிலும் 800 மணிகள் பொய்யானவை. அவற்றுள் ஒன்றையேனும் உமி நீக்கிக் கண்டுபிடிக்க இயலாது.

பதினான்கு எழுத்துக்கள்

பயிரின் ஒவ்வொரு கலத்தின் கருவிலும் டி.என்.ஏ. எனப்படும் மிக நீண்ட நூல் உண்டு. அதன் அமைப்பை வாற்சன், கிரிக்கு என்பார் 1953ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உரோசலிந்து பிராங்கிளின் அம்மையார் எடுத்த எக்சுக்கதிர்ப் படங்கள் அதற்குப் பெரிதும் உதவின. முறுக்கிய ஏணியைப் போன்ற அந்நூலின் படிகள் அடினைன், தைமின், குவானின், சைற்றோசின் என்னும் நான்கு மூலங்களால் ஆனவை. அடினைனுக்கு எதிரே தைமினும், குவானினுக்கு எதிரே சைற்றோசினும் நிற்கும், இவ்விதி மாறுவதில்லை. இந்நான்கையும் நான்கு எழுத்துக்களாகவும், டி.என்.ஏ.யை அவற்றால் எழுதிய ஏடாகவும் கருதுதல் எளிது. நெல்லின் ஏடு 12 நிறமூர்த்தங்களிற் பகுக்கப்பட்டுள்ளது. அது முழுவதும் வாசிக்கப்பட்டு 2005ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஏறக்குறைய 39 கோடி எழுத்துக்கள் அதில் உள்ளன.

இவ்வெழுத்துக்களில் ஏற்படும் மாற்றமே விகாரம் எனப்படும். ஓரெழுத்து வேறாகலாம்; சில எழுத்துக்கள் விடுபடலாம்; சில புதிதாக நுழையலாம். விகாரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் தீங்கெனக் கருதுதல் தவறு. வெள்ளையரிசியே ஒரு விகாரத்தின் பயன் ஆகும்.

காட்டு நெல்லின் அரிசி இயற்கையிற் சிவப்பு. ஏழாம் நிறமூர்த்தத்திலுள்ள ஆர்.சி. என்னும் பரம்பரையலகு, தோலிற் சிவப்புப் பொருள் உண்டாவதற்கான ஆணையைப் பிறப்பிக்கின்றது. வெள்ளையரிசி இனங்களில் இப்பரம்பரையலகின் நடுவே 14 எழுத்துக்கள் விடுபட்டிருப்பது 2006ஆம் ஆண்டில் அறியப்பட்டது. உலகின் வெள்ளையரிசி இனங்களுள் மிகப் பெரும்பாலானவற்றில் இதே 14 எழுத்துக்களே இல்லை. முன்னொரு காலத்தில் எங்கோ ஒரு பயிரிற் தோன்றிய பிழையை மக்கள் விரும்பித் தெரிந்தெடுத்து நாடெங்கும் பரப்பினர் என்பதே இதன் பொருள்.

39 கோடியில் 14 எழுத்துக்கள் இல்லாமையால் நிறம் முற்றாக மறைவது ஏன் என வினவலாம். கலமானது பரம்பரையலகின் எழுத்துக்களை மூன்று மூன்றாகச் சேர்த்து வாசித்தே புரதத்தை அமைக்கின்றது. மூன்று எழுத்துக்கள் விடுபட்டால் ஒரு சொல் குறையும், பின்வருவன ஒழுங்காயிருக்கும். பதினான்கோ மூன்றால் மீதியின்றி வகுபடாத எண். ஆகவே விடுபட்ட இடத்திற்குப் பின்னுள்ள சொற்கள் யாவும் இடம் பெயர்ந்து பொருளற்றுப் போகின்றன. விரைவில் "நிறுத்து" என்னும் குறியொன்று தோன்றி வாசிப்பையே முடித்துவிடுகின்றது. அரைகுறையான புரதம் ஆணையைப் பிறப்பிப்பதில்லை. நூல் அளவில் ஒரு பல்லுத் தவறியவுடன் சங்கிலி முழுவதும் வழுவுவதை நீரிறைக்கும் இயந்திரத்திற் கண்டோர் இதனை எளிதில் உணர்வர்.

இலையிலிருந்து பட்டை வரை

பரிசோதனையின் நோக்கம், அந்தப் 14 எழுத்துக்கள் ஒரு பயிரில் உள்ளனவா இல்லையா என அறிதல் ஆகும். இதற்கு நாற்றின் இளம் இலையில் விரல் நகமளவு துண்டு போதும். விதையை முழுதாக அரைத்தல் ஆகாது. அதிலே தாயின் தோலும் கலந்துவிடும்.

இலைத்துண்டு நன்றாக அரைக்கப்பட்டு, சவர்க்காரத்தையொத்த ஒரு பொருளும் உப்பும் சேர்ந்த வெந்நீர்க் கரைசலில் இடப்படுகின்றது. கொழுப்பாலான கலமென்சவ்வுகள் கரைந்து டி.என்.ஏ. வெளிவருகின்றது. குளோரபோம் சேர்த்துக் கலக்கிச் சுழற்றியபின், புரதங்கள் ஒதுங்க, டி.என்.ஏ. மேலுள்ள தெளிநீரில் நிற்கும். அதிற் குளிர்ந்த மதுசாரம் சேர்த்தவுடன் டி.என்.ஏ. வீழ்படிவாகின்றது. அளவு மிகுதியாயின் அதனை மெல்லிய வெண்ணூல்களாகக் கண்ணாலேயே காணலாம்.

இவ்வாறு கிடைப்பது 39 கோடி எழுத்துக்கள் கொண்ட முழு ஏடு. வேண்டியதோ ஒரு வரி. வைக்கோற் போரில் விழுந்த ஊசியைத் தேடுவதற்குப் பதிலாக, போரைவிடப் பெருகுமாறு ஊசியையே பெருக்கிவிட்டால் தேடும் வேலை இல்லை. அதனைச் செய்வது பொலிமரேசுச் சங்கிலித் தாக்கம் என்னும் முறை. கரி முல்லிசு என்னும் அமெரிக்க அறிஞர் 1983ஆம் ஆண்டில் இதனைக் கண்டு, 1993ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

முறை வருமாறு. வேண்டிய பகுதியின் இரு ஓரங்களிலும் பொருந்தக்கூடிய, ஏறக்குறைய 20 எழுத்து நீளமான இரு சிறு துண்டுகள் செயற்கையாக ஆக்கப்படுகின்றன. இவை தொடக்கிகள் எனப்படும். வயலின் இரு மூலைகளில் நாட்டிய எல்லைக் கட்டைகளைப் போல இவை எடுக்கவேண்டிய பகுதியை வரையறுக்கின்றன. இவற்றோடு பயிரின் டி.என்.ஏ.யும், நான்கு எழுத்துக்களாகிய மூலப்பொருள்களும், படியெடுக்கும் நொதியமும் ஒரு சிறு குழாயில் இடப்பட்டு இயந்திரத்தில் வைக்கப்படுகின்றன. 94 பாகை செல்சியசு வரை சூடாக்கும்போது ஏணி நடுவே பிளந்து இரு இழைகளாகின்றது. ஏறக்குறைய 55 பாகைக்கு ஆறும்போது தொடக்கிகள் தத்தம் இடங்களிற் சென்று ஒட்டுகின்றன. 72 பாகையில் நொதியம் அவ்விடத்திலிருந்து தொடங்கி எதிரிழையை எழுதி முடிக்கின்றது. ஒன்று இரண்டாயிற்று. மீண்டும் சூடாக்க இரண்டு நான்காகும். 30 முறை இவ்வாறு செய்தால், கணக்கின்படி ஒன்று 107 கோடிக்கு மேலாகும். இதற்கு இரண்டு மணித்தியாலமளவே செல்லும். கொதிநிலையை அண்டிய சூட்டிலும் அழியாத நொதியம் கிடைத்தமையே இம்முறைக்கு உயிர்நாடி. அது ஐக்கிய அமெரிக்காவின் யெலோசுத்தோன் வெந்நீரூற்றுகளில் வாழும் பற்றீரியம் ஒன்றிலிருந்து முதலிற் பெறப்பட்டது.

பெருகிய துண்டின் நீளத்தை அளத்தலே இறுதி வேலை. கடற்பாசியிலிருந்து எடுத்த அகரோசு என்னும் பொருளைக் காய்ச்சி ஆறவிட்டால், பாலாடையை ஒத்த களியொன்று கிடைக்கும். அதன் ஓர் ஓரத்திலுள்ள குழிகளில் மாதிரிகளை இட்டு மின்னோட்டம் செலுத்துவர். டி.என்.ஏ. மறையேற்றமுடையதாதலால் நேர்முனையை நோக்கி நகரும். களியின் நுண்ணிய துளைகளினூடே குறுந்துண்டு விரைவாகவும் நெடுந்துண்டு மெதுவாகவும் செல்லும். சாயமிட்டு ஊதாக்கடந்த ஒளியிற் பார்த்தால், துண்டுகள் நின்ற இடங்கள் ஒளிரும் பட்டைகளாய்த் தெரியும். 14 எழுத்து வேறுபாடு மிகச் சிறிதாதலால், களி செறிவானதாயிருத்தல் வேண்டும்; நீர்த்த களியில் இரு பட்டைகளும் ஒன்றாய்க் குழம்பிவிடும்.

பட்டைகளை வாசித்தல்

எடுத்துக்காட்டாக, தொடக்கிகள் சிவப்பினத்தில் 150 எழுத்துத் துண்டு ஒன்றைத் தருமாறு அமைக்கப்பட்டன எனக் கொள்வோம். வெள்ளையினத்தில் அதே துண்டு 136 எழுத்துக்களே உடையதாயிருக்கும். குறுகிய பட்டை மட்டும் தெரிந்தால் அப்பயிர் தூய வெள்ளை. நெடிய பட்டை மட்டும் தெரிந்தால் தூய சிவப்பு. இரண்டும் தெரிந்தால் அது கலப்புப் பயிர். அதனை நாற்றிலேயே நீக்கிவிடலாம். கலப்புப் பயிரிற் சிலவேளை இவ்விரண்டிற்கும் மேலே மங்கலான மூன்றாம் பட்டையொன்று தோன்றும். நெடிய இழையொன்றும் குறுகிய இழையொன்றும் தவறாக இணைந்து, பொருந்தாத 14 எழுத்துக்கள் புடைத்து நிற்பதால், அத்துண்டு தடைப்பட்டு மெதுவாக நகர்வதே காரணம். பழகாதவர் அதனைப் புதிய இனமெனக் கருதி மயங்குவர். உண்மையில் அது கலப்பிற்கு மேலும் ஒரு சான்று.

சிவப்பு விதையை வைத்திருப்பவர்க்கு இச்சோதனையாற் கிடைக்கும் நன்மை பெரிது. தூய சிவப்பையும் வெள்ளையைச் சுமக்கும் சிவப்பையும் வயலில் எவராலும் வேறுபடுத்த முடியாது. களியில் அவை முதல் நாளிலேயே பிரிந்து நிற்கின்றன.

பட்டையே தோன்றாவிடின் யாது பொருள்? பயிரிற் குறையென்று கொள்ளலாகாது. பெரும்பாலும் டி.என்.ஏ. கெட்டுவிட்டதென்றோ, நொதியம் வேலை செய்யவில்லையென்றோ கொள்ளவேண்டும். ஆதலால் ஒவ்வொரு முறையும் அறிந்த வெள்ளையினம் ஒன்றும், அறிந்த சிவப்பினம் ஒன்றும், டி.என்.ஏ. இடாத வெறுநீர்க் குழாய் ஒன்றும் கூடவே வைக்கப்படும். வெறுநீரில் பட்டை தோன்றினால் எங்கோ அழுக்குச் சேர்ந்துவிட்டது. அன்றைய விடைகள் அனைத்தையும் தள்ளிவிட வேண்டும். ஒன்றை 107 கோடியாக்கும் முறை, தவறி விழுந்த ஒன்றையும் அவ்வாறே பெருக்கும்.

வேறொரு குறையும் உண்டு. இச்சோதனை அரிசியின் நிறத்தைப் பார்ப்பதில்லை. துண்டின் நீளத்தையே பார்க்கின்றது. ஐக்கிய அமெரிக்காவின் ஆர்க்கன்சோ மாநிலத்திற் பயிரிடப்பட்ட வெல்சு என்னும் வெள்ளையினத்திற் சிவப்பரிசிப் பயிர்கள் காணப்பட்டன. களை நெல்லின் மகரந்தமே காரணமென எவரும் ஐயுறுவர். ஆராய்ந்து பார்த்தபோது காரணம் அதுவன்று. முன்னர் விடுபட்ட 14 எழுத்துக்களுக்கு அண்மையில் இன்னும் ஓரெழுத்து இயற்கையாகவே விடுபட்டிருந்தது. பதினான்கும் ஒன்றும் பதினைந்து. பதினைந்து மூன்றால் வகுபடும். ஆகவே வாசிப்பு மீண்டும் ஒழுங்கிற்கு வந்து, இழந்த சிவப்பும் மீண்டது. இவ்வாய்வு 2008ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இத்தகைய பயிரைக் களியிலிட்டால் அது குறுகிய பட்டையையே காட்டும், அரிசியோ சிவப்பு. இது மிக அரிதாக நிகழ்வது. ஆயினும் களியையும் வயலையும் ஒருங்கே பார்க்கவேண்டும் என்பதற்கு இதனிலும் தெளிந்த எடுத்துக்காட்டு இல்லை. அவ்வாறே, வெள்ளை மணியுடைய களை நெல்லும் உண்டு. அதனோடு ஏற்பட்ட கலப்பை இச்சோதனை காட்டமாட்டாது.

ஓரெழுத்து மட்டும் மாறினால்

துண்டின் நீளம் மாறும் விகாரங்களைக் கண்டறிதல் எளிது. ஐ.ஆர். 8 என்னும் நெல்லினம் 1966ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அது குட்டையாய் நின்று, பசளைக்குச் சாயாது விளைந்தமைக்கு முதலாம் நிறமூர்த்தத்திலுள்ள எசு.டி. 1 என்னும் பரம்பரையலகில் 383 எழுத்துக்கள் விடுபட்டிருத்தலே காரணம் என்பது 2002ஆம் ஆண்டில் அறியப்பட்டது. 383 எழுத்து வேறுபாடு சாதாரண களியிலேயே தெளிவாய்த் தெரியும்.

கலிபோர்ணியாவில் 1976ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கல்ரோசு 76 என்னும் இனமும் குட்டையானதே. கல்ரோசு என்னும் நெடிய இனத்தின் விதையிற் காமாக் கதிர்களைச் செலுத்தி அதனைப் பெற்றனர். அதிலும் மாறியது எசு.டி. 1 பரம்பரையலகே, ஆனால் எதுவும் விடுபடவில்லை, ஓரெழுத்து மட்டும் வேறாயிற்று. ஐ.ஆர். 8இற்கு வகுத்த நீளச்சோதனையைக் கல்ரோசு 76இற் செய்தால், அது நெடிய பயிர் எனத் தவறான விடையே கிடைக்கும். எந்த விகாரத்திற்கு எந்தச் சோதனை என்பதை முதலிலே அறிந்து கேட்கவேண்டுவது இதனாலேயே.

ஓரெழுத்து மாற்றத்தைக் காண்பதற்கு வெட்டு நொதியங்கள் உதவுகின்றன. பற்றீரியங்களிலிருந்து பெறப்படும் இந்நொதியங்கள் ஒவ்வொன்றும் குறித்த ஒரு சொல்லைக் கண்டவிடத்து மட்டும் டி.என்.ஏ.யை வெட்டும். ஒரு நொதியம் குவானின், அடினைன், அடினைன், தைமின், தைமின், சைற்றோசின் என்னும் ஆறெழுத்துச் சொல்லையே வெட்டும். அதில் ஓரெழுத்து மாறினும் தொடாது விட்டுவிடும். விகாரம் அத்தகைய சொல்லின் நடுவே விழுந்திருந்தால், ஓரினத்தின் துண்டு இரண்டாக வெட்டப்படும். மற்றையதன் துண்டு முழுதாயிருக்கும். எழுத்து வேறுபாடு இவ்வாறு நீள வேறுபாடாக மாற்றப்பட்டுக் களியிற் தெரிகின்றது. சோறு உதிரியாயிருப்பதற்கும் குழைவதற்கும் பெரிதும் காரணமான, ஆறாம் நிறமூர்த்தத்திலுள்ள பரம்பரையலகின் ஓரெழுத்து விகாரத்தையும் இம்முறையால் அறியலாம்.

பொருத்தமான சொல் அமையாதவிடத்து எழுத்துக்களை ஒவ்வொன்றாய் வாசிப்பதே வழி. பிரெடெரிக்கு சாங்கர் 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இன்றும் கையாளப்படுகின்றது. விதை மூட்டைகளைச் சோதிப்பதற்கு அது வேண்டுவதில்லை.

மிளகாய்த் தோட்டத்திற்கு ஒரு வார்த்தை

உறைப்பற்ற குடைமிளகாயின் அருகே உறைப்பு மிளகாயை நட்டால் காய்கள் உறைத்துவிடும் எனத் தோட்டக்காரர் சிலர் கூறுவர். நட்ட செடியின் காய் அவ்வாறு உறைப்பதில்லை. உறைப்புப் பொருள் உண்டாவது விதைகள் ஒட்டியிருக்கும் உள்ளிழையத்தில்; அஃதும், நெல்லின் தோலைப் போல, தாய்க்குரியதே. ஆனால் அக்காயின் விதையை எடுத்து அடுத்த போகத்தில் நட்டால் உறைப்புச் செடிகள் எழக்கூடும். மிளகாயிற் பூச்சிகள் மகரந்தத்தைக் கொண்டுசெல்வது நெல்லிலும் மிகுதி. உறைப்பிற்குரிய பரம்பரையலகில் ஏறக்குறைய 2,500 எழுத்துக்கள் விடுபட்டிருப்பதே குடைமிளகாய் இனங்கள் பலவற்றின் உறைப்பின்மைக்குக் காரணம் என்பது 2005ஆம் ஆண்டில் அறியப்பட்டது. ஆகவே நாற்றுமேடையிலேயே இலையெடுத்துச் சோதித்து, காய்க்கும்வரை காத்திராது, உறைப்புக் கலந்த நாற்றுக்களை நீக்குதல் இயலும். வேறுவகை விகாரத்தால் உறைப்பிழந்த மிளகாயினங்களும் உள்ளன. அவற்றிற்கு இச்சோதனை பொருந்தாது.

எத்தனை நாற்றுக்களைச் சோதித்தல் வேண்டும்

கமக்காரர் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்திலேயே. ஐந்தாறு நாற்றுக்களின் இலையை அனுப்பி, கலப்பில்லையென விடை வந்தவுடன் மூட்டை முழுவதும் தூயதென மகிழ்தல் கூடாது. விடை அந்த ஐந்தாறு நாற்றுக்களுக்கு மட்டுமே உரியது. நூற்றுக்கு ஒன்று கலந்த விதையில், கலப்பு ஒன்றேனும் அகப்படுமென்று நூற்றுக்கு 95 பங்கு உறுதியுடன் கூறுவதற்கு ஏறக்குறைய 300 நாற்றுக்களைச் சோதிக்க வேண்டும். ஆயிரத்திற்கு ஒன்று எனின் 3,000 வேண்டும். செலவைக் குறைப்பதற்குப் பத்து நாற்றுக்களின் சமமான இலைத்துண்டுகளைச் சேர்த்து ஒரு மாதிரியாக அரைக்கலாம். 300 நாற்றுக்களுக்கு 30 குழாய்கள் போதும். பத்தில் ஒன்று கலப்பாயின், இருபது பிரதிகளில் ஒன்று வேறாயிருக்கும். மங்கலாயினும் பட்டை தெரியும். இதனிலும் மிகுதியாய்ச் சேர்த்தால் அது கண்ணுக்குத் தப்பிவிடும்.

மாதிரிக்கான நெல்லை ஒரு மூட்டையின் வாயிலிருந்து மட்டும் அள்ளுதல் ஆகாது. எல்லா மூட்டைகளிலும் மேல், நடு, அடி ஆகிய மூன்றிடங்களிலும் சிறிது சிறிதாய் எடுத்து, பாயிற் கொட்டிக் கலந்து, அதிலிருந்து வேண்டிய அளவைப் பிரிக்கவேண்டும். அவற்றைத் தட்டில் முளைக்கவிட்டு, இரண்டு கிழமைகளில் இளம் இலையை எடுக்கலாம். ஒவ்வொரு முறையும் கத்தரிக்கோலை நன்கு துடைத்தல் அவசியம். இலைகளைக் கடிதாசி உறைகளில் இட்டு, இனம், வயல், திகதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுக. மை ஈரத்திற் கரைந்துவிடும். ஈர இலையைப் பொலித்தீன் பையில் மூடிவைத்தால் அது அழுகி, டி.என்.ஏ.யும் சிதைந்துவிடும். உடனே அனுப்ப இயலாதவிடத்து நிழலில் உலர்த்தி, ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைத்தல் நன்று.

சோதனைக்கு அனுப்ப இயலாதோரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விதைக்கென ஒதுக்கிய வயற்பகுதியிற் கதிர்களைத் தனித்தனியே தெரிந்தெடுத்து, ஒவ்வொரு கதிரின் நெல்லையும் தனி வரிசையாக நடுக. விளைந்தபின் ஒவ்வொரு வரிசையிலும் பல பயிர்களின் மணிகளை உமி நீக்கிப் பார்க்க. வெள்ளையினத்தில் ஒரு பயிரேனும் சிவப்பு மணி தந்த வரிசை முழுவதையும், சிவப்பினத்தில் ஒரு பயிரேனும் வெள்ளை மணி தந்த வரிசை முழுவதையும் விதைக்கு விலக்குக. களி இரண்டு மணித்தியாலத்திற் கூறுவதை இவ்வழி ஒரு போகத்திற் கூறும். சிவப்பினமாயின் மேலும் ஒரு போகம் இவ்வாறே செய்தல் வேண்டும். எடுத்த நெல்லில் ஒரு கொத்தளவைத் திகதியிட்டு அடுத்த அறுவடை முடியும்வரை தனியே வைத்திருப்பின், பின்னர் விதை பற்றி வழக்கு நேர்ந்தால் அதிலிருந்தே நாற்று முளைக்கவைத்துச் சோதித்துக்கொள்ளலாம்.